தலையணைக்கு அடியில் மடக்குக் கத்தி

ஜனவரி 9, செவ்வாய். சிதம்பரம்

மடக்குக் கத்தி வந்துவிட்டது. அக்கா மகன் ஆன்லைனில் போட்டு வாங்கிக் கொடுத்தான். "உலகம் பூரா இதத்தான் மாமா வச்சிருக்காங்க. மிலிட்டரிக்காரன்லேர்ந்து மலை ஏறுறவன் வரைக்கும்" என்றான். உலகம் வைத்திருந்தால் எனக்கென்ன? முப்பத்திநாலு வருஷம் மின்வாரியத்தில் கட்டிங் பிளேயரோடு குடும்பம் நடத்தியவன் நான். சாமான் நல்லதா சொத்தையா என்று தொட்டவுடன் சொல்லிவிடுவேன்.

தொட்டுப் பார்த்ததில் தோன்றியவை: சிவப்புக் கைப்பிடி, வழவழ என்று இருக்கிறது, எண்ணெய்க் கையோடு பிடித்தால் நழுவும். மடக்கிய நீளம் என் சுண்டுவிரல் அளவு. உள்ளே ஏழு சாமான் ஒளிந்திருக்கிறது. அலகு, கத்தரி, திருப்புளி, டின் திறப்பது, முடி பிடுங்குகிற சாமணம், பல்குச்சி, அப்புறம் பன்றி வால் மாதிரி ஒரு சுருள் கம்பி. அது எதற்கு என்று கேட்டேன். "ஒயின் பாட்டில் மூடி தொறக்க மாமா." நல்லாயிருக்கிறது கதை! பிரசவத்துக்குப் போகிற கத்தியில் சாராயக் கடைச் சாமான்.

அலகைத் திறக்க ஒரு சின்னப் பள்ளம் வைத்திருக்கிறான். நகம் வைத்து இழுத்தேன், நகம் போய்விட்டது, கத்தி வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது. மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் மட்டும், உள்ளதைச் சொல்ல வேண்டும், பிரமாதம்.

எதற்குக் கத்தி என்று எழுதவில்லையே. என் மகள் சுடர்விழி அமெரிக்காவில் முழுகாமல் இருக்கிறாள். பிப்ரவரி கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள நான் போகிறேன். ஆமாம், நான்தான். அவள் அம்மா மங்கையர்க்கரசி போய் நாலு வருஷம் ஆகிறது. என் அக்கா தையல்நாயகிக்கு முட்டி இரண்டும் மடங்காது. வேறு யார் போவது? அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து பட்டியல் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். பூண்டு லேகியம், சுக்கு, பழைய வேட்டித் துணி, வசம்பு. கடைசியாக, "சின்னதா ஒரு கத்தி எடுத்துக்கடா தம்பி. புள்ளத்தாச்சி தலமாட்டுல இரும்பு இல்லாம இருக்கக் கூடாது. காத்து கருப்பு அண்டும்."

"அமெரிக்கால காத்து கருப்பு இருக்காக்கா?"

"ஏன், அங்க யாரும் சாவுறதே இல்லியா?"

வந்த கத்தி எவர்சில்வராக இருந்தால் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அலகில் வைத்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டது. இரும்புதான்.

ஜனவரி 12, வெள்ளி

கத்தி பெரிய பெட்டியில், வேட்டித் துணிக்குள். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்களாம். அரசியின் போட்டோவை எடுத்துப் போவதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம். எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 15, திங்கள். கொலம்பஸ், ஒஹாயோ

வந்து சேர்ந்தேன். வெளியே பார்த்த இடமெல்லாம் பனி. மாப்பிள்ளை தினகர் ஏர்போர்ட்டுக்கே ஒரு கனத்த கோட்டோடு வந்திருந்தார். பெட்டியை என்னைத் தூக்க விடவில்லை. நல்ல பிள்ளை. இதைப் பெண் பார்க்க வந்த அன்று நான் சொல்லவில்லை. அன்று "மீசையே இல்லியே" என்றுதான் சொன்னேன்.

சுடர் கதவைத் திறந்தாள். வயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் பாதத்தைத்தான் பார்த்தேன். இரண்டும் வீங்கியிருக்கிறது.

"என்னம்மா கால் இப்படி?"

"பிரஷர் கொஞ்சம் ஜாஸ்திப்பா. டாக்டர் பாத்துட்டுதான் இருக்காங்க. ஒண்ணும் இல்ல."

ஒன்றுமில்லை என்று அரசியும் இதே குரலில்தான் சொல்வாள். சரி, அது இருக்கட்டும். பொங்கலன்றைக்கு வந்து இறங்கியிருக்கிறேன். இங்கே உள்ள தட்டையான மின்சார அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். பொங்கி வழிந்ததும் சுடர் கை தட்டினாள். அடுப்பைத் துடைக்கத்தான் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஜனவரி 18, வியாழன்

கத்தியைப் பற்றி நான் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். தொட்டில் கட்டில் ஒன்று அட்டைப் பெட்டியில் வந்தது, நாமே கோர்க்க வேண்டுமாம். தினகர் டூல்பாக்ஸைத் தேடினார், அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போயிருக்கிறார். நான் மடக்குக் கத்தியை எடுத்தேன். அலகால் டேப்பைக் கிழித்தேன், திருப்புளியால் இருபத்திரண்டு ஸ்க்ரூ. ஒன்றுகூட வழுக்கவில்லை. கட்டிலை உலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. நம்பகமான சாமான்தான், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு குறை உண்டு. அலகு பூட்டிக்கொள்ளாது. அழுத்தினால் விரல்மேல் மடங்கிவிடும், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இன்னொன்று, கைப்பிடி பிளாஸ்டிக்தானே என்று நம்பி கரண்ட் ஓடுகிற லைனில் வைத்தால் ஆள் காலி.

வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து, விபூதி வைத்து, சுடர் தலையணைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன்.

"அப்பா, நான் கம்ப்யூட்டர் எஞ்சினியர்."

"அதுக்கு?"

"இதையெல்லாம் நம்புறீங்களா?"

"நான் நம்பல. உங்க அத்தை நம்புறா. அவ பொல்லாதவ."

சிரித்தாள். எடுத்துப் போடவில்லை. ராத்திரி படுக்கை தட்டும்போது பார்த்தேன், அதே இடத்தில் இருந்தது.

ஜனவரி 22, திங்கள்

பிரஷர் நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்று நாலு. உப்பைக் குறைத்தாயிற்று. பூண்டு ரசம் வைத்தேன். இந்த வீட்டுக் கத்தி ஒவ்வொன்றும் ஆட்டுக்கறிக் கடைக் கத்தி அளவு இருக்கிறது, பூண்டு நறுக்க என் மடக்குக் கத்திதான். ரசம் நன்றாக இல்லை. மூன்று டம்ளர் குடித்தாள்.

ஜனவரி 27, சனி

மத்தியானம் சுடர் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். நான் சின்னச் சட்டைகளில் தொங்குகிற அட்டைகளை மடக்குக் கத்தியின் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கத்தரி அருமையான வேலைப்பாடு. உள்ளே ஒரு துளி ஸ்பிரிங், விட்டால் தானாக வாயைத் திறக்கும்.

"அப்பா, நான் பொறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"லைன்ல."

"அம்மா சொல்லியிருக்காங்க. புயலாமே."

"ஆமா. பரங்கிப்பேட்டைப் பக்கம் நாப்பது கம்பம் சாஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்கே கரண்ட் இல்ல. அத நான்தான் எடுத்துக் குடுக்கணும்."

அது உண்மை. நான் எடுத்துக் கொடுத்த கரண்டில்தான் சுடர் பிறந்தாள். இதை நாற்பது பேரிடமாவது பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. அரசிக்கும் அன்றைக்குப் பிரஷர்தான். ஜன்னி வந்து நினைவு தப்பி, பிழைப்பாளா என்று பார்த்துக்கொண்டு வெளியே நின்றது என் அக்கா. ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் போய்ச் சேர்ந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்கு இரண்டு நாள் கழித்து. நடுவில் ஒரு மணி நேரம் யாரிடமாவது கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். கேட்கவில்லை. சேறும் சகதியுமாகப் போய் நின்றேன். அரசி கண்ணைத் திறந்து பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

கத்தரி நன்றாக வெட்டுகிறது. பதினேழு சட்டை முடித்தேன்.

ஜனவரி 30, செவ்வாய்

நூற்று ஐம்பத்தெட்டுக்கு நூறு. இனிக் காத்திருக்க வேண்டாம், மருந்து கொடுத்து வலி வரவழைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார்களாம். மூன்று வாரம் முன்னதாகவே. நாளை மறுநாள் போய்ச் சேர வேண்டும். "பயப்பட ஒண்ணும் இல்ல மாமா" என்று தினகர் என்னிடம் நாலு தடவை சொன்னார். பாவம், அவர் சொன்னது அவருக்கே.

பிப்ரவரி 1, வியாழன். ஆஸ்பத்திரி

ஐந்தாவது மாடி. அறை நம் ஊர் லாட்ஜ் அறையைவிடப் பெரிது. கூட இரண்டு பேர் இருக்கலாம் என்றார்கள். தினகர் ஒருவர், நான் ஒருவன். பிரசவ அறைக்குள் அப்பனை விடுகிற ஊர்! அக்காவிடம் சொன்னால் மயக்கம் போட்டுவிடுவாள்.

நர்ஸ் பெயர் டார்லீன். அறுபது வயது இருக்கும், என் வயதுதான். நடையில் அவசரமே இல்லை, ஆனால் கூப்பிடுவதற்கு முன் வந்து நிற்கிறார். சுடருக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மருந்து ஏறுகிறது. வலி இன்னும் வரவில்லை. சுடர் பாத்ரூம் போயிருந்தபோது ஒரு வேலை செய்தேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

பிப்ரவரி 2, வெள்ளி. ஆஸ்பத்திரி, தரைத்தளம்

காலை 8.10. எழுதித்தான் ஆக வேண்டும். நேற்று மடக்குக் கத்தியைச் சுடர் தலையணைக்கு அடியில் வைத்தேன். வீட்டில் வைத்தோமே, இங்கேதானே முக்கியம் என்று வைத்தேன். இன்று காலை ஏழு மணிக்கு டார்லீன் படுக்கை விரிப்பை மாற்றினார். தலையணையைத் தூக்கினார். கத்தி தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அறையில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். யாருடையது என்று கேட்டார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன்.

ஆஸ்பத்திரிக்குள் கத்தி கொண்டுவரக் கூடாதாம், கீழே போர்டு இருக்கிறதாம். காவலாளியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், எனக்கு வேறு வழியில்லை என்று டார்லீன் வருத்தமாகச் சொன்னார். காவலாளி வந்தார், ஆறரை அடி. கத்தியை உறையில் போட்டு ஒட்டினார். அதிகாரி வந்து பேசி முடிவு செய்யும்வரை நான் மேலே போகக் கூடாது. சுடர் அழுதாள். "அப்பா அப்படிப்பட்டவர் இல்ல" என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த நிலையில் அவளை அழ வைத்துவிட்டு லிஃப்டில் இறங்கினேன்.

யாரையும் குறை சொல்ல முடியாது. லைனில் வேலை செய்கிறவனுக்கு ஒரு சட்டம் தெரியும். கரண்டை நிறுத்தியாயிற்று என்று எழுதித் தருகிற லைன் கிளியர் சீட்டு கையில் இல்லாமல் கம்பத்தில் ஏறக் கூடாது. ஏறினால் நானே சஸ்பெண்ட் செய்திருப்பேன். இங்கே சீட்டு இல்லாமல் ஏறியது நான்.

9.25. காவலாளி காபி கொடுத்தார். சர்க்கரை எத்தனை என்று கேட்டுப் போட்டுக் கொடுத்தார். நன்றாக இருந்தது.

10.15. மேற்கூரையில் நாற்பத்தாறு விளக்கு. பதினெட்டாவது மினுக்குகிறது. உள்ளே கனெக்‌ஷன் லூசாக இருக்கும். காவலாளியிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

11.00. தினகர் போன். "வலி வந்துடுச்சு மாமா. பிரஷர் ஏறுது. ரெண்டு டாக்டர் வந்திருக்காங்க." சரி மாப்ள என்றேன். விளக்கு இன்னும் மினுக்குகிறது.

11.50. காசு போட்டால் பிஸ்கட் விழுகிற மிஷின் ஒன்று இருக்கிறது. மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்பது. மேல் வரிசையில் இரண்டு காலி.

12.40. அதிகாரி இன்னும் வரவில்லை. மீட்டிங்காம்.

1.20. தினகர் போனை எடுக்கவில்லை.

1.35. எடுக்கவில்லை.

1.40. வெளியே மைனஸ் நாலு டிகிரி. ஐந்து மாடிதான் நடுவில். அன்றைக்கு முப்பது கிலோமீட்டர் இருந்தது, புயலைக் காரணம் சொன்னேன். இன்றைக்கு என்ன சொல்வேன்? பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

பிப்ரவரி 3, சனி

பெண் குழந்தை. இரண்டு கிலோ அறுநூறு. தாயும் பிள்ளையும் சுகம். தெய்வமே, உனக்குக் கோடி நன்றி.

இப்போது நிதானமாக எழுதுகிறேன். நேற்று இரண்டேகாலுக்கு லிஃப்ட் திறந்தது. டார்லீன் இறங்கி நேராகக் காவலாளி மேசைக்குப் போனார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. காவலாளி போன் போட்டார். அந்தப் பக்கம் யாரோ பேச, டார்லீன் போனை வாங்கித் தானே பேசினார். அப்புறம் என்னை மேசை முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, பெயர் எழுதிய ஒரு காகிதத்தைச் சட்டையில் ஒட்டினார்கள். முப்பத்திநாலு வருஷத்தில் எத்தனையோ சீட்டு வாங்கியிருக்கிறேன். ஒட்டியிருக்கிறதா என்று இப்படித் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்ததில்லை.

லிஃப்டில் போகும்போது, எதற்குக் கத்தி என்று டார்லீன் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். இரும்பு, பேய் வராது, பிள்ளைக்கு நல்லது. அவர் தலையை ஆட்டினார். அவர் பிறந்தது மலைக்காட்டு ஊராம். அங்கே பிரசவத்தின்போது கட்டிலுக்கு அடியில் கத்தி வைப்பார்களாம், வலியை வெட்டிவிடும் என்று. அவர் அம்மாவுக்கு ஆறு பிரசவத்துக்கும் வைத்தார்களாம். "வைத்த இடம் சரிதான், கட்டடம்தான் தப்பு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். காலையிலிருந்து அப்போதுதான் மூச்சே விட்டேன்.

அறைக்குள் போனதும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்பன்காரன் பார்க்கிற காரியமா அது! கட்டிலின் தலைப்பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். தினகர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "அப்பா, கை" என்றாள். திரும்பாமலே பின்பக்கம் கையை நீட்டினேன். பிடித்தாள். நான் எத்தனை கம்பி இழுத்தவன், அந்தப் பிடியை என்னால் தாங்க முடியவில்லை. விரலில் மோதிரம் பதிந்து ரத்தம் கட்டியிருக்கிறது. இப்போதும் வலிக்கிறது. நன்றாக வலிக்கட்டும்.

சுவரில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு அழுகைச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் பிளக் பாயின்ட் தெரியவில்லை, கண் மறைத்துவிட்டது. ஒளித்துவைக்க என்ன இருக்கிறது, அழுதேன். டார்லீன் ஒரு காகிதக் கைக்குட்டை கொடுத்தார். அது போதவில்லை, இன்னொன்று கொடுத்தார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "இரும்பு வச்சியா?" என்றாள். "வச்சேன்க்கா." "பாத்தியா!" என்றாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சுடருக்குப் பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். தரைத்தளத்தில் கையெழுத்துப் போட்டுக் கத்தியை வாங்கி, கட்டடத்துக்குள் ஒரு நிமிஷமும் வைக்காமல் தினகர் காரில் கொண்டுபோய் வைத்தேன். காவலாளி கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார். பதினெட்டாவது விளக்கைச் சரி செய்துவிட்டார்கள்.

கத்தியைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. நகம் வைக்கிற பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருக்கலாம். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாராயக் கடைச் சுருளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது, தெரியாமல் போகக் கூடாது என்று தினகரிடம் கேட்டேன். "அந்தம்மா ஏன் மாப்ள திடீர்னு கீழ எறங்கி வந்தாங்க?"

"உங்களுக்குத் தெரியாதா மாமா? பதினோரு மணிலேர்ந்து ஒவ்வொரு வலிக்கும் சுடர் 'அப்பா, அப்பா'ன்னுதான் கூப்டா. அந்தம்மா அது என் பேருன்னு நெனச்சிட்டாங்க. 'உன்னத்தான் கூப்பிடுறா, கையப் புடி'ன்னு என்னத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. கடைசில நான் சொன்னேன், அது நான் இல்ல, அவ அப்பான்னு. 'அவர் எங்கே?'ன்னாங்க. 'கீழதான், நீங்க அனுப்பின எடத்துல'ன்னேன். இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு நிக்க வச்சிட்டு, கிளவுஸைக் கழட்டிப் போட்டுட்டு நேரா கெளம்பிட்டாங்க."

நான் காரிடாரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வலி என்றால் நம் சனங்களுக்கு வாயில் வருகிறது ஒரே சொல்தான். கம்பத்திலிருந்து விழுந்தபோது ஐம்பது வயதில் நானும் 'அம்மா' என்றுதான் அலறினேன், என் அம்மா போய்ப் பத்து வருஷம் கழித்து. அரசியும் அன்றைக்கு நினைவு தப்பும்வரை அம்மாவைத்தான் கூப்பிட்டாளாம். என்னைக் கூப்பிட்டு என்ன ஆகப் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் குழந்தை தூங்கியதும் சுடரிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏம்மா, வலிக்கும்போது அம்மான்னு வரலியா உனக்கு?"

குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"வரலப்பா" என்றாள். "நீங்கதான வந்திருந்தீங்க."